மூன்று சென்டிமீட்டர் கட்டியும் குளிர் ஊசியும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளருக்கு உடம்பில் ஏதோ கோளாறு என்று தெரிந்தால், வீட்டில் முதலில் எழும் கேள்வி "தறி எத்தனை நாள் நிக்கும்?" என்பதுதான். நோயின் பெயரெல்லாம் அதற்குப் பிறகு. வெளியூரிலிருந்து வரும் உறவினர்களுக்கு இது கல்நெஞ்சாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. கோர்வை போட்டு நெய்கிற வீட்டில் ஒருவர் படுத்தால், பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிவிடுகிறவருக்கும் அன்றைக்கே வேலை இல்லை. பாவு தறியிலேயே கிடக்கும். முன்பணம் கொடுத்தவர் ஆள் அனுப்புவார்.

என் பெரியப்பாவின் வலது கிட்னியில் கட்டி இருக்கிறது என்று ஸ்கேன் சொன்னபோது பெரியம்மா டாக்டரிடம் கேட்டதும் இதே கேள்வியைத்தான். அதற்குப் பதில் தேடிப் போனதில்தான் 'கிரையோ அப்லேஷன்' என்ற சிகிச்சையைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். கட்டியை வெட்டி எடுக்காமல், மெல்லிய ஊசிகளை முதுகுப் பக்கமாகச் செலுத்தி, இருக்கிற இடத்திலேயே உறைய வைத்துக் கொல்வது. மருத்துவமனைகளில் சுருக்கமாக 'கிரையோ' என்கிறார்கள். எங்கள் தெருவில் அது 'ஐஸ் ஊசி' ஆகிவிட்டது. நான் டாக்டர் இல்லை, பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கிறவன். அதனால் என்ன மருந்து, என்ன அளவு என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. இந்தச் சிகிச்சையின் பலன் பற்றி வெளிவந்திருக்கும் எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன். அந்த எண்களைத் தப்பாகப் படித்து வீணாகப் பயந்தவர்களையும், வீணாக நம்பியவர்களையும் பார்த்துவிட்டேன்.

பெரியப்பாவுக்கு எந்த அறிகுறியும் கிடையாது. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். கல் இல்லை. வலது கிட்னியின் பின்பக்கம் 2.6 சென்டிமீட்டரில் ஒரு கட்டி அகப்பட்டது. மேலை நாடுகளில் இன்று சிறுநீரகக் கட்டிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான், வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிகின்றன. இந்தியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 17 ஆயிரம் பேருக்குப் புதிதாகச் சிறுநீரகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. இங்கே இன்னும் சிறுநீரில் ரத்தம் வந்த பிறகு, விலாவில் வலி வந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நிறைய. ஆனால் காந்தி ரோட்டைச் சுற்றியே எத்தனை ஸ்கேன் சென்டர்கள் வந்துவிட்டன! சின்னதாக இருக்கும்போதே தெரிய வருகிற கட்டிகள் கூடிக்கொண்டுதான் போகும்.

எங்கள் ஊருக்குப் புற்றுநோய் என்பது அண்ணாவின் நினைவோடு சேர்ந்தது. 1968-ல் நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்து திரும்பிய அண்ணா, 1969 பிப்ரவரி 3 அன்று காலமானார். பெரியப்பா அப்போது தறியில் எடுபிடி வேலை செய்கிற பையன். ஊரே தெருவில் உட்கார்ந்து அழுததை இன்றும் சொல்வார். காரைப்பேட்டையில் அரசின் புற்றுநோய் மருத்துவமனை அண்ணாவின் பெயரில்தான் இயங்குகிறது. அந்த வயதுக்காரர்களுக்குக் கேன்சர் என்று காதில் விழுந்தால், அமெரிக்காவுக்கே போயும் பிழைக்கவில்லையே என்பதுதான் முதல் நினைப்பு. அது உணவுக்குழாய்ப் புற்றுநோய், இது மூன்று சென்டிமீட்டரைக்கூட எட்டாத சிறுநீரகக் கட்டி, இரண்டும் ஒன்றல்ல என்று புரிய வைப்பதற்கே எங்களுக்கு நாள் பிடித்தது.

முதலில் ஒரு விஷயம். நான்கு சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறுநீரகக் கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றுநோயே அல்ல. ஆங்கோசைட்டோமா, கொழுப்பு அதிகம் தெரியாத ஆஞ்சியோமயோலைப்போமா போன்ற சாதுவான கட்டிகளும் ஸ்கேனில் புற்றுநோய் மாதிரியே முகம் காட்டும். ஆகவே ஊசியால் சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்சி இங்கே முக்கியம். உறைய வைக்கப் போகிறோம் என்றால் கட்டாயம் என்றே சொல்வேன். வெட்டி எடுத்தால் கட்டி முழுதாக லேபுக்குப் போகும், அது என்ன என்று பிறகாவது தெரியும். உறைய வைத்துவிட்டால் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. அது புற்றுநோயா இல்லையா என்றே தெரியாமல் ஒருவர் வருடக்கணக்கில் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருப்பது கொடுமை.

"ஊசி போட்டுக் கிளறினா பரவிடும்" என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். குழாய் போன்ற வெளி ஊசி ஒன்றை முதலில் செலுத்தி, அதற்குள்ளே பயாப்சி ஊசியை விட்டு எடுக்கிற இன்றைய முறையில், ஊசி போன தடத்தில் நோய் விதைபோல் விழுவது மிக அரிது. பயாப்சியில் பத்துப் பதினைந்து பேருக்கு முதல் முறை தெளிவான பதில் வராமல் போகலாம், நூறு பேர் எடுத்தால். அப்போது மறுபடி எடுக்கச் சொல்வார்கள். எரிச்சல்தான், ஆனாலும் எடுப்பது நல்லது.

பயாப்சியில் புற்றுநோய் என்று உறுதியானால் வழிகள் நாலு. முழு கிட்னியையும் எடுப்பது; இவ்வளவு சின்னக் கட்டிக்கு இப்போது பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. கட்டியை மட்டும் சுற்றி வெட்டி எடுத்துக் கிட்னியைக் காப்பாற்றுவது. இதுதான் இன்றைக்கும் முதல் தேர்வு. ஊசி வழியாக வெப்பத்தாலோ குளிராலோ அழிப்பது. நாலாவது, ஒன்றும் செய்யாமல் ஸ்கேனில் கண்காணித்துக்கொண்டே இருப்பது. கடைசி வழியைச் சொன்னதும் வீட்டார் முகம் மாறும். ஆனால் சின்னக் கட்டிகள் சராசரியாக வருடத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் வளர்கின்றன. எண்பது வயதும் பலவீனமான இதயமும் உள்ளவருக்குக் கட்டியைத் தொடாமல் விடுவது அலட்சியம் ஆகாது. பல நேரம் அதுதான் சரியான வைத்தியம்.

பெரியப்பா எழுபதைத் தாண்டியவர். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார், சர்க்கரை உண்டு, கிரியேட்டினின் லேசாக ஏறியிருக்கிறது. நீண்ட நேர மயக்கமும் கிட்னிக்கு ரத்தத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிற அறுவையும் அவருக்கு ஆபத்து கூடியவை. அதே சமயம் இன்னும் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து நெய்கிற உடம்பு. இன்னும் பத்து வருடம் இருக்கக்கூடியவர். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர்களுக்குத்தான் கிரையோ பொருந்துகிறது. அறுவை சிகிச்சை டாக்டரே அதைச் சொன்னார்.

"கத்தியே கிடையாதுங்களா டாக்டர்?" என்று பெரியப்பா கேட்டார்.

"கத்தி இல்லீங்க ஐயா. ஆனா வருஷா வருஷம் ஸ்கேனுக்கு வரணும். அதுக்குச் சம்மதம்னா சொல்லுங்க."

அந்த இரண்டாவது வாக்கியம்தான் இந்தச் சிகிச்சையின் உயிர்நாடி. அதற்கு வருகிறேன்.

குளிரால் கட்டியைத் தாக்கலாம் என்ற யோசனை புதிதல்ல. 1840-களின் நடுவிலேயே இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஆர்னட் என்ற மருத்துவர், நொறுக்கிய பனிக்கட்டியோடு உப்பைக் கலந்து, மார்பிலும் கருப்பை வாயிலும் வெளியே தெரிந்த புற்றுக் கட்டிகளின் மேல் வைத்தார். வலி குறைந்தது, கட்டி சுருங்கியது. குல்ஃபி வண்டிக்காரர் பானையில் ஐஸும் உப்பும் போட்டுப் பாலை உறைய வைக்கிறாரே, அதே தத்துவம். உப்பு சேர்ந்தால் பனி பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை இறங்கும். ஆனால் உடம்புக்கு உள்ளே இருக்கிற உறுப்புக்கு இது உதவாது.

1961-ல் நியூயார்க்கில் இர்விங் கூப்பர் என்ற மூளை அறுவை மருத்துவர் திரவ நைட்ரஜன் ஓடுகிற ஊசி ஒன்றை உருவாக்கினார். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் குறிப்பிட்ட ஒரு சிறு இடத்தை உறைய வைப்பதற்காக. அதன் பிறகும் இருபது வருடம் இது பெரிதாகப் பரவவில்லை. உள்ளே பனி எவ்வளவு தூரம் படர்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை என்பதே காரணம். 1980-களில் கேரி ஓனிக் முதலானவர்கள் அல்ட்ராசவுண்டில் பனியின் விளிம்பு பளிச்சென்று தெரிகிறது என்று காட்டிய பிறகுதான் கதவு திறந்தது. 1995-ல் ஜப்பானில் உச்சிதா குழுவினர் தோல் வழியே ஊசி செலுத்திச் சிறுநீரகக் கட்டியை உறைய வைத்ததைப் பதிவு செய்தார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில், இந்தியாவில் மருத்துவம் படித்துப் போன இந்தர்பீர் கில், லாப்ரோஸ்கோப் வழியாக இதைச் செய்து வருடக்கணக்கில் நோயாளிகளைப் பின்தொடர்ந்தார். இந்தச் சிகிச்சைக்கு இன்று நீண்டகாலக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது என்றால் அந்த மாதிரி பொறுமையால்தான்.

இப்போதைய கருவிகள் பெரும்பாலும் ஆர்கான் வாயுவில் ஓடுகின்றன. மிக அதிக அழுத்தத்தில் வரும் ஆர்கான், ஊசி நுனிக்குள் இருக்கிற நுண்துளை வழியே சட்டென்று விரியும்போது கடுமையாகக் குளிர்கிறது. இயற்பியலில் வருகிற ஜூல்-தாம்சன் விளைவுதான். ஹீலியத்துக்கு அறை வெப்பநிலையில் குணம் தலைகீழ், விரிந்தால் சூடாகும். ஆகவே உறைய வைக்க ஆர்கான், உருக வைக்க ஹீலியம். ஊசி நுனி மைனஸ் நூறுக்கும் கீழே இறங்கும். நுனியைச் சுற்றி முட்டை வடிவத்தில் ஒரு பனி உருண்டை வளரும். சி.டி. ஸ்கேன் திரையில் அது கறுப்பாக, விளிம்பு தெளிவாகத் தெரியும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற பனி விளிம்பில் வெப்பநிலை பூஜ்யம்தான். பூஜ்யத்தில் புற்றணு சாகாது. உறுதியாகச் சாக மைனஸ் இருபதிலிருந்து நாற்பது வரை வேண்டும். அந்த வெப்பநிலை விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளித்தான் இருக்கும். அதனால் பனி உருண்டை கட்டியின் எல்லையைத் தாண்டி எல்லாப் பக்கமும் குறைந்தது அரை சென்டிமீட்டராவது, முடிந்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே படர வேண்டும். ஒரு ஊசி போதாமல் இரண்டு மூன்று ஊசிகளை இடைவெளி விட்டுச் செலுத்துவது இதற்காகத்தான்.

வழக்கமாகப் பத்து நிமிடம் உறைய வைத்து, எட்டு நிமிடம் உருக விட்டு, மறுபடி பத்து நிமிடம் உறைய வைக்கிறார்கள். உறையும்போது முதலில் அணுக்களுக்கு வெளியே பனி கட்டும். உள்ளே இருக்கிற நீர் வெளியே உறிஞ்சப்பட்டு அணு வற்றும். குளிர் இன்னும் இறங்கினால் அணுவுக்குள்ளேயே பனி ஊசிகள் முளைத்துச் சவ்வைக் கிழிக்கும். உருகும்போது நடப்பது அதைவிடக் கொடியது. அந்த இடத்துச் சின்ன ரத்தக் குழாய்களின் உட்சுவர் சேதமாகி, ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். மிச்சமிருக்கிற அணுக்கள் ரத்தம் இல்லாமல் அடுத்த சில நாட்களில் சாகும். இரண்டாவது சுற்று, முதல் சுற்றில் அரைகுறையாகத் தப்பியவற்றுக்கு.

சூட்டால் அழிக்கும் முறையும் உண்டு, ரேடியோ அலைவரிசையிலும் மைக்ரோவேவிலும். நம் நாட்டில் அவை கிரையோவைவிடப் பல இடங்களில் கிடைக்கின்றன. குளிருக்கு இருக்கிற பெரிய வசதி, செய்துகொண்டிருக்கும்போதே எல்லை கண்ணுக்குத் தெரிவது. இரண்டாவது, வலி குறைவு, ஏனென்றால் குளிரே மரத்துப்போக வைக்கிறது. சிறுநீர் சேருகிற குழாய்ப் பகுதிக்கு அருகில் இருக்கிற கட்டிகளில் சூட்டைவிடக் குளிர் அந்தக் குழாய்களுக்குக் கொஞ்சம் மென்மையானது. எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும்: சூடு வெட்டுப்பட்ட ரத்தக் குழாயைத் தீய்த்து அடைத்துவிடும், குளிர் அதைச் செய்யாது. ஆகவே கிரையோவில் முதல் பயம் ரத்தக் கசிவு. அதிலும் கட்டி பெரிதாகி ஊசிகளின் எண்ணிக்கை கூடக் கூட அந்தப் பயம் கூடும். ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடுகிற ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதை இதய டாக்டரும் இந்த டாக்டரும் சேர்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் நாமாக நிறுத்தக் கூடாது.

பெரியப்பாவுக்குச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. குப்புறப் படுக்க வைத்து, லேசான மயக்கத்தில், சி.டி. ஸ்கேன் மேஜையிலேயே. குடல் அருகில் இருந்தால் இடையில் உப்புநீரைச் செலுத்தித் தள்ளி வைப்பார்களாம். அவருக்குக் கட்டி பின்பக்கம் இருந்ததால் அது தேவைப்படவில்லை. மறுநாள் சிறுநீர் லேசான ரோஜா நிறத்தில் போனது, விலாவில் கனமான வலி இருந்தது, அவ்வளவுதான். முதுகில் மிளகு அளவில் இரண்டு புள்ளிகள். பழைய முறையில் விலாவோரம் நீளமாகக் கீறி கிட்னி ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். தறிக்குழியில் உட்கார்ந்து மிதிக்கும்போது இன்றைக்கும் அந்தப் பக்கம் இழுக்கிறது என்பார். அவர் வந்து பெரியப்பாவின் முதுகைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இப்போது லாப்ரோஸ்கோப்பிலும் ரோபோவிலும் கட்டியை மட்டும் எடுக்கிறார்கள், அந்த நீளக் கீறல் பெரும்பாலும் தேவைப்படாது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையிலேயே 2022-ல் ரோபோ அறுவை சிகிச்சை வந்துவிட்டது.

சரி, பலன் என்ன? அமெரிக்காவின் மாயோ கிளினிக் 2015-ல் வெளியிட்ட கணக்கு பலரால் மேற்கோள் காட்டப்படுவது. 2000-க்கும் 2011-க்கும் இடையில் அங்கே சிகிச்சை பெற்றவர்களில், நான்கு சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டி உள்ளவர்களை எடுத்துக்கொண்டார்கள். கட்டியை மட்டும் வெட்டி எடுத்தவர்கள் ஆயிரத்துக்கு மேல், ரேடியோ அலைச் சூட்டில் அழித்தவர்கள் 180 பேர், உறைய வைத்தவர்கள் 187 பேர். மூன்று வருட முடிவில் அதே இடத்தில் நோய் திரும்பாதவர்கள் மூன்று பிரிவிலும் நூற்றுக்கு 98. வேறு இடத்துக்குப் பரவாதவர்கள் வெட்டி எடுத்ததில் 99, சூட்டில் 93, குளிரில் 100. இந்த இடத்தில் நிறுத்தினால் கிரையோ அறுவைக்குச் சமம் என்று எழுதிவிடலாம், எழுதியும் இருக்கிறார்கள்.

அடுத்த வரிசையைப் பாருங்கள். மூன்று வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள்: வெட்டியதில் 95, சூட்டில் 82, குளிரில் 88. எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் இந்த வரிசையை மட்டும் போனில் படித்துவிட்டு, "ஆபரேஷன் பண்ணியிருந்தா பொழச்சுப்பாங்க போல, நாம தப்புப் பண்ணிட்டோமா அண்ணா?" என்று ராத்திரி போன் செய்தான். புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஊசிச் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறவர்கள் யார்? வயதானவர்கள், இதயம் பலவீனமானவர்கள், ஏற்கெனவே ஒரு கிட்னி போனவர்கள். அவர்களில் சிலர் மாரடைப்பிலும் மற்ற நோய்களிலும் இறந்து போகிறார்கள்; உறைய வைத்த கட்டி அதற்குக் காரணம் அல்ல. இரண்டு பிரிவும் தொடக்கத்திலேயே சமமாக இல்லாதபோது மொத்த ஆயுளை ஒப்பிட்டு ஒன்றும் சொல்ல முடியாது. அதே நியாயம் மறுபக்கமும் செல்லும்: 98-க்கு 98 என்பதை வைத்து இரண்டும் ஒன்றே என்று சத்தியம் செய்யவும் முடியாது. யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிடுகிற பெரிய ஆய்வு இன்னும் முடிக்கப்படவில்லை. பிரிட்டனில் அப்படி ஒன்றைத் தொடங்கினார்கள், போதுமான நோயாளிகள் சேராமல் நின்றுபோனது. தன் உடம்பில் கத்தியா ஊசியா என்பதைச் சீட்டுக்கு விட யார் சம்மதிப்பார்கள்?

நீண்ட காலம் பார்த்த கணக்கு ஒன்று கிளீவ்லாந்தில் கில் குழுவினருடையது. லாப்ரோஸ்கோப் வழியே உறைய வைத்த 80 பேரை ஐந்து வருடத்துக்கு மேல், சிலரைப் பத்து வருடம் வரை பின்தொடர்ந்தார்கள். அவர்களில் பயாப்சியில் புற்றுநோய் என்று உறுதியானவர்களுள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஐந்தாம் ஆண்டில் நூற்றுக்கு 81, பத்தாம் ஆண்டில் 78. மாயோவின் எண்ணைவிட இது தாழ்வாக இருக்கிறது. முதல் தலைமுறைக் கருவிகள், பழகிக்கொண்டிருந்த காலம், நீண்ட கண்காணிப்பு என்று காரணங்கள் இருக்கலாம். என் கண் நின்றது வேறிடத்தில். முதல் ஐந்து வருடத்தில் நூற்றுக்குப் பத்தொன்பது பேருக்குப் பிரச்சினை. அடுத்த ஐந்து வருடத்தில் கூடுதலாக மூன்று பேருக்குத்தான். திரும்புவது என்றால் பெரும்பாலும் முதல் சில வருடங்களில் திரும்புகிறது. பிரிட்டனின் சவுதாம்ப்டனில் இருந்து 2018-ல் வந்த கணக்கு, பயாப்சியில் உறுதியான 220 பேருக்குத் தோல் வழியே உறைய வைத்ததைப் பற்றியது. ஐந்து வருடத்தில் அந்த இடத்தில் நோய் திரும்பாதவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். தெளிவான ஸ்கேன் வழிகாட்டுதலும் மெல்லிய ஊசிகளும் வந்த காலத்தின் எண் இது.

திரும்பி வந்தாலும் கதை முடிந்துவிடாது என்பது இந்தச் சிகிச்சையின் நல்ல குணம். விளிம்பில் கொஞ்சம் தப்பியிருந்தால் அந்த இடத்தை மட்டும் மறுபடி உறைய வைக்கலாம். ஆனால் அது சின்னதாக இருக்கும்போதே தெரிய வேண்டும். அங்கேதான் டாக்டர் கேட்ட சம்மதம் வருகிறது. வெட்டி எடுத்த கட்டியின் ஓரத்தை நுண்ணோக்கியில் பார்த்து, சுற்றிலும் சுத்தமாக இருக்கிறது என்று பதாலஜி டாக்டர் எழுதித் தருவார். உறைய வைத்ததில் அந்தச் சீட்டு கிடையாது. அதற்குப் பதிலாக இருப்பது ஸ்கேன் மட்டுமே. மூன்றாவது அல்லது ஆறாவது மாதத்தில் ஒன்று, பிறகு வருடத்துக்கு ஒன்று, குறைந்தது ஐந்து வருடம். அந்த ஸ்கேன்களை விட்டுவிட்டால் 98 என்ற எண்ணுக்கு நம் வீட்டில் பொருள் இல்லை, ஏனென்றால் அது ஒழுங்காக ஸ்கேனுக்கு வந்தவர்களின் எண்.

முதல் ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. 2.6 சென்டிமீட்டர் இருந்த இடத்தில் ரிப்போர்ட் 3.8 என்று போட்டிருந்தது. "ஐஸ் வெச்சும் வளர்ந்துடுச்சே" என்று பெரியம்மா சாமி அறைக்குப் போய்விட்டார். அது வளர்ச்சி இல்லை. கட்டியைத் தாண்டி ஓரம் விட்டு உறைய வைத்திருக்கிறார்கள் அல்லவா, செத்துப்போன அந்த முழு இடத்தின் அளவுதான் 3.8. முதல் ஸ்கேனில் அது கட்டியைவிடப் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும். மாதங்கள் போகப் போக உடம்பே அதைக் கரைத்துச் சுருக்கும். அளவைவிட முக்கியம், நரம்பில் ஏற்றுகிற கான்ட்ராஸ்ட் மருந்தை அந்த இடம் வாங்குகிறதா என்பது. ரத்த ஓட்டம் இல்லாத இடம் மருந்தை வாங்காமல் இருண்டே கிடக்கும். ஓரத்தில் முடிச்சு மாதிரி எங்காவது மருந்து ஏறிப் பளிச்சென்று தெரிந்தால் அதுதான் சந்தேகம். பெரியப்பாவின் ரிப்போர்ட்டில், எண்ணுக்கு இரண்டு வரி கீழே, எங்கும் மருந்து ஏறவில்லை என்று எழுதியிருந்தது. அந்த வரியை யாரும் படிக்கவில்லை. கிரையோ செய்துகொண்ட ஒவ்வொரு வீட்டுக்கும் இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பினால் எத்தனை பேருடைய உறக்கம் மிஞ்சும்!

கான்ட்ராஸ்ட் மருந்தே பலவீனமான கிட்னிக்குச் சுமை. கிரியேட்டினின் ஏறியவர்கள் ஒவ்வொரு முறையும் ஸ்கேனுக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்து, சி.டி.யா எம்.ஆர்.ஐ.யா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய ஸ்கேன்களின் குறுந்தகடுகளையும் பிலிம்களையும் ஒரே பையில் வைத்திருங்கள். ஒரு ஸ்கேனைத் தனியாகப் பார்த்தால் பாதிதான் தெரியும். முந்தையதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோதுதான் அது பேசும்.

யாருக்கு இது வேண்டாம்? மூன்று சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளுக்குத்தான் அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதல் ஊசிச் சிகிச்சையை ஒரு மாற்றாகச் சொல்கிறது. நான்கைத் தாண்டினால் நோய் திரும்புவதும் ரத்தக் கசிவும் கூடுகின்றன. கிட்னியின் நடுவில், பெரிய ரத்தக் குழாய்களை ஒட்டி இருக்கிற கட்டியைச் சுற்றி ஓடுகிற சூடான ரத்தம் குளிரை அடித்துக்கொண்டு போகும். நாற்பது வயதில், வேறு நோயில்லாத, முப்பது நாற்பது வருட ஆயுள் முன்னால் இருக்கிற ஒருவர் ஆபரேஷன் பயத்தால் மட்டும் கிரையோ கேட்டால், நான் அவரை அறுவை சிகிச்சை டாக்டரிடமே திரும்பிப் போகச் சொல்வேன். அவ்வளவு நீண்ட காலத்துக்கு உறுதி சொல்லும் கணக்கு அறுவைக்கு இருக்கிறது, இதற்கு இன்னும் இல்லை. பெரிய சிக்கல்கள் பல ஆய்வுகளில் நூற்றில் ஐந்து பேருக்கு முன்பின்னாக வருகின்றன: ரத்தக் கசிவு, சிறுநீர்க் குழாய் சுருங்குவது, மேல்பக்கக் கட்டி என்றால் நுரையீரல் உறையில் காற்று புகுவது. ஊசிதானே என்று சாதாரணமாக நினைக்கக் கூடாது.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். சிறுநீரகக் கட்டி என்றால் நாம் போவது யூராலஜி டாக்டரிடம். ஊசிச் சிகிச்சை செய்கிறவர் பெரும்பாலும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி டாக்டர். இரண்டு துறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுகிற இடத்துக்குப் போனால்தான் நமக்குப் பொருத்தமானது கிடைக்கும். காஞ்சிபுரத்துக்காரர்களுக்குக் கிழக்கே சென்னையும் மேற்கே வேலூரும் ஏறக்குறைய ஒரே தூரம், பஸ் ஏறுவதற்கு முன்னால் "கிட்னி கட்டிக்கு ரேடியாலஜி டாக்டரையும் சேர்த்துப் பார்க்க முடியுமா?" என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். அறுவை டாக்டரிடம் "எனக்கு ஊசி முறை பொருந்துமா, பொருந்தாது என்றால் ஏன்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல டாக்டர் அந்தக் கேள்வியை விரும்புவார்.

பெரியப்பா அந்த மாதத்திலேயே தறிக்குழியில் இறங்கினார், முதலில் கொஞ்ச நேரம், பிறகு வழக்கம்போல. பெரியம்மாவின் கேள்விக்கு அது பதில். ஆனால் பணம் என்று வந்தால் கதை வேறு. ஒருமுறை மட்டுமே பயன்படுத்தக்கூடிய ஊசிகள் விலை அதிகம், இரண்டு மூன்று தேவைப்படும். ஆர்கான் சிலிண்டரும் ஆளும் கருவியும் பெரிய நகரங்களில்தான். எங்களுக்குப் பெரியப்பாவின் மகன் வெளிநாட்டில் இருந்ததால் முடிந்தது. அதே தெருவில் இன்னொருவருக்கு முடிந்திருக்காது. முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. மருத்துவமனையின் காப்பீட்டு மேஜையில், இந்தச் சிகிச்சை அந்த மருத்துவமனையில் எந்தத் தொகுப்பில் வருகிறது என்று சேருவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. காரைப்பேட்டை போன்ற அரசுப் புற்றுநோய் மருத்துவமனைகளில் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜியை வலுப்படுத்தி, சூடோ குளிரோ, ஊசிச் சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும். அதற்குத் தொகுப்பு வகுக்கும்போது ஊசிக்கும் படுக்கைக்கும் மட்டும் பணம் ஒதுக்கிவிட்டு நிறுத்தக் கூடாது. பின்னால் வருகிற ஐந்து வருடத்து ஸ்கேனும், அதற்கு முன்னால் எடுக்கிற கிரியேட்டினின் பரிசோதனையும், வராதவர்களைப் போன் செய்து கூப்பிடுகிற ஒரு ஆளின் சம்பளமும் அதே தொகுப்புக்குள் இருக்க வேண்டும். கூலிக்கு நெய்கிறவர் நாலாவது வருட ஸ்கேனுக்குத் தன் கையிலிருந்து பணம் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போவார் என்று எதிர்பார்க்க முடியாது.